தொரைக்கு ஒரு ரிசார்ட்

கோயமுத்தூரில் ரவிசந்திரனின் அக்கா மகனுக்குக் கல்யாணம். போய்வரும் வரை, வடக்கே அவர்கள் குடியிருந்த வானவடி ஃப்ளாட்டில் தொரையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு, வழக்கம்போல போனைத் தேய்த்தே விடை கண்டுபிடித்தார் ரவிசந்திரன். தொரை, அவர் மனைவி கிரிஜா தெருவிலிருந்து தூக்கி வந்து வளர்த்த செவலை நாய். குட்டியிலேயே ஏதோ வண்டியில் மாட்டி இடது காது பாதி போயிருந்தது.

"நாய்க்குன்னே ரிசார்ட்டாமா கிரிஜா. நீச்சல் குளம், ஏசி ரூம். கேமராவுல எப்ப வேணும்னாலும் பாத்துக்கலாம்."

"அவன் தண்ணியக் கண்டாலே கட்டிலுக்கடியில பூந்துக்குவான். நீச்சல் குளம் எதுக்குங்க?"

"அதெல்லாம் பழக்கிருவாங்க."

இத்தனை வருஷம் கணக்குத் தணிக்கை ஆபீசில் குப்பை கொட்டிய மனுஷன், படத்தில் காட்டினால் எதையும் நம்புவார்.

ரிசார்ட்டை நடத்திய ராஜஸ்ரீ, தொரையைத் தொடாமலே என்ன ஜாதி என்று கேட்டாள். "தெரு ஜாதி" என்று ஹிந்தியில் அழுத்திச் சொன்னாள் கிரிஜா. ராஜஸ்ரீயின் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு, எல்லா நாயும் எங்களுக்குப் பெற்ற பிள்ளை மாதிரி என்றாள். உன் பிள்ளையை எங்கே அடைத்து வைத்திருக்கிறாயோ என்று நினைத்துக்கொண்டாலும், அரை மனசோடு விட்டுவிட்டு வந்தாள் கிரிஜா.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்தில், ரவிசந்திரன் வந்தவர்களிடமெல்லாம் போனை நீட்டிக்கொண்டிருந்தார். "பாருங்க, எங்க தொரை சோபாவுல படுத்திருக்கறத."

கிரிஜா எட்டிப் பார்த்தாள். செவலை நாய்தான். ஆனால் இரண்டு காதும் முழுசாக இருந்தன.

"இது தொரையில்லீங்க."

"கேமரா அப்படிக் காட்டுது."

"கேமரா காது வளத்து உடுமாக்கும்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ரவிசந்திரனும் கூடச் சிரித்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ராஜஸ்ரீக்குப் போன் போட்டாள். நாய் தூங்குகிறது, எழுப்பினால் மனசு வாடிவிடும் என்றாள் அந்தப் புண்ணியவதி. கிரிஜா உடனே கீழ் வீட்டு சுப்ரஜாவைக் கூப்பிட்டாள். ஹிஞ்சேவாடியில் வேலை பார்க்கும் பெண், தொரைக்குப் பழக்கமானவள். ஆபீசிலிருந்து நேரே ரிசார்ட்டுக்குப் போய் உள்ளே நுழைந்து பார்த்துவிட்டுப் பேசினாள்.

"ஆன்ட்டி, தொரை இங்க இல்ல. எடம் ஃபுல் ஆயிடுச்சாம். தேஹு ரோட்டுல யாரோ வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம்."

கிரிஜா பட்டுச்சேலையை மாற்றிக்கொண்டு பையைத் தூக்கினாள்.

"விடிஞ்சா முகூர்த்தம்! ஒரு நாய்க்காகப் போனா ஜனங்க என்ன நெனைப்பாங்க?" என்று வழிமறித்தார் ரவிசந்திரன்.

"நீங்க சோபா நாயவே அவங்களுக்குக் காட்டிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாள்.

சுப்ரஜா விசாரித்து வைத்திருந்த முகவரி, தேஹு ரோட்டில் ஒரு மொட்டை மாடி. தகரக் கொட்டகையின் கீழே நாய்களைக் குட்டைச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். ஓரத்தில், தன் மூத்திரத்தின் மேலேயே படுத்திருந்த தொரை, கிரிஜாவைப் பார்த்ததும் எழ முயன்றது. சங்கிலி இழுத்துச் சாய்த்தது. அவள் கொக்கியைக் கழற்றினாள். கழுத்தில் முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அதை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

கீழே இறங்குவதற்குள் ராஜஸ்ரீ கூப்பிட்டுவிட்டாள். நடந்ததற்கு வருத்தமாம், தொரைக்கு இலவசமாக ஒரு மூலிகைக் குளியல் தருகிறாளாம்.

"மொதல்ல நீ குளி. நாத்தம் இங்க வரைக்கும் வருது" என்று போனை வைத்தாள் கிரிஜா.

கல்யாணம் முடிந்து பட்சணப் பையோடு வந்து சேர்ந்தார் ரவிசந்திரன்.

"உனக்கு உடம்பு சரியில்லைன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன்" என்றார், பெரிய உபகாரம் செய்த தோரணையில்.

"ஏன், நாய்னு சொல்ல வாய் கூசுச்சா?"

அவர் குனிந்து தொரையைத் தடவினார். அது கையை முகர்ந்துவிட்டு கிரிஜாவின் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"சரி விடு. அடுத்த தடவை நல்ல ரிசார்ட்டாப் பாத்து..."

தொரையின் கழுத்துக்கு மருந்து தடவிக்கொண்டிருந்த கிரிஜா நிமிரவேயில்லை. "பாருங்க. நல்லாயிருந்தா நீங்களே போய் இருந்துக்குங்க. நாங்க ரெண்டு பேரும் வீட்டுல இருந்துக்கறோம்."