செம்மல்வைஸுக்குப் பத்துக்குப் பத்து

ஒன்பதாம் வகுப்பு ஜூலியா மிஸ்ஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. விஞ்ஞானி வேஷம் கட்டிப் பேசுகிற பிள்ளை பேசி முடித்ததும், மனம் மாறியவர்கள் எழுந்து போய் அந்த விஞ்ஞானிக்குக் கை கொடுக்க வேண்டும். எத்தனை கையோ அத்தனை மார்க், பத்து வரைக்கும். கலிலியோவுக்கு ஆறு விழுந்தது. மேரி கியூரிக்கு எட்டு, அதிலும் பாதி அவள் கொண்டுவந்த சாக்லேட்டுக்கு.

தாரணிக்கு மார்க் ஒரு சாக்குதான். அவளுக்கு வேண்டியது கை. யாரோ டிரஸ்ட்காரர்கள் பீஸ் கட்ட, மர்பி டவுன் சேரியிலிருந்து இந்தப் பள்ளிக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. பெஞ்சில் அவள் பக்கத்து இடம் இன்னும் காலி. ஏன் என்று யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. ஆனால் பேச்சு என்று வந்துவிட்டால் மிஸ் போட்ட விதி இருக்கிறதே, தொட்டுத்தானே ஆகவேண்டும்.

பேசினாள் பாருங்கள், அப்படிப் பேசினாள். அப்பாவின் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வியன்னா டாக்டர் செம்மல்வைஸாக நின்று, வகுப்பையே டாக்டர்களாக்கி இங்கிலீஷில் வெளுத்து வாங்கினாள். பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்கிறீர்களே, அந்தத் தாய்மார்களைக் கொல்வது உங்கள் கைதான், கழுவாமல் யாரையும் தொடாதீர்கள் என்று சொல்லி, தட்டில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக் காட்டினாள். கடைசி பெஞ்சுகூட வாயைப் பொத்திக்கொண்டு கேட்டது.

கேள்வி நேரத்தில் ஷ்ரேயாஸ் எழுந்தான். சேலத்திலிருந்து ஐடி வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை. பாடத்துக்கு இங்கிலீஷ், வம்புக்குத் தமிழ்.

"டாக்டர், இந்தப் பவுடர் எங்க வாங்குனீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். பாவி மகள், பேசிய பெருமையில் இருந்தாள். "எங்கம்மா குடுத்தாங்க. சாக்கடை மோரி ஓரமா தூவுவாங்கல்ல, அது. அம்மா ரோடு பெருக்குறாங்க."

"மோரியும் அள்ளுவாங்களா?"

"அள்ளுவாங்க."

"ஓகே டாக்டர். டவுட் கிளியர்." உட்கார்ந்துகொண்டான்.

"மனசு மாறினவங்க வாங்க," என்றார் ஜூலியா மிஸ்.

தாரணி கையை நீட்டினாள். ஒருத்தரும் அசையவில்லை. நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றாள்.

"என்னப்பா, ஒருத்தர்கூட நம்பலையா?"

"எல்லாரும் நம்பிட்டோம் மிஸ்," என்றான் ஷ்ரேயாஸ். "அழுக்குக் கை பட்டா ஆபத்துன்னு டாக்டர்தானே சொன்னாரு. அதான் வரல."

வகுப்பு சிரித்தது. மிஸ் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை, அவரும் சிரித்துவிட்டார். மர்பி டவுன் மாதிரியான ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்தச் சிரிப்பு எதற்கென்று தெரியாதா? நன்றாகவே தெரியும்.

"லாஜிக் கரெக்ட்தான். நீங்க கை குடுக்காததே ப்ரூஃப்," என்றார். "பத்துக்குப் பத்து. இந்த வருஷம் ஃபர்ஸ்ட் ஃபுல் மார்க் தாரணிக்கு. எல்லாரும் கிளாப் பண்ணுங்க."

அவரவர் கையை அவரவர் தட்டினார்கள்.

"கிளாஸுக்கு தேங்க்ஸ் சொல்லும்மா."

சொன்னாள்.

"கேக்கல மிஸ்," என்றான் ஷ்ரேயாஸ்.

தாரணி இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னாள்.