கண்ணாடியில் தெரிந்த விரிசல்

இந்தக் காலத்தில் எவனும் எதையும் கழற்றிப் பார்ப்பதில்லை. குனியவே எவனுக்கும் இடுப்பு வளையாது. வொர்க்‌ஷாப்காரன் என் காரின் எஞ்சினுக்குப் பின்னால் கையகலக் கண்ணாடி ஒன்றை விட்டு எட்டிப் பார்த்தான். பல் டாக்டர் தோற்றான். "எஞ்சின் பிளாக்ல விரிசல் விட்டிருக்கு பெரியவரே. இனி தேறாது" என்றான். மாப்பிள்ளை அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு பழைய இரும்புக்காரனிடம் சொல்லிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போவானாம்.

"விரிசலை என் கண்ணால பார்த்தா குடுத்துடுறேன். இல்லேன்னா கார் எங்கேயும் போகாது" என்றேன்.

"அது டாஷ்போர்டு பக்கம் இருக்கு மாமா. எஞ்சினை இறக்காம தெரியாது."

"இறக்கிட்டாப் போச்சு."

"யாரு, நீங்களா?" என்று சிரித்தார். பெண்ணைக் கொடுத்த இடம். பொறுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தொடங்கினேன். பாட்டரி வயரைப் பிரித்தேன், பானெட்டை எடுத்தேன். தண்ணீரையும் ஆயிலையும் வாளிகளில் வடித்தேன். ரேடியேட்டரை வெளியே எடுத்துச் சுவரில் சாய்த்தேன். கழற்றிய போல்ட்டை டப்பாவில் போடுகிறவன் நானில்லை. டப்பா கவிழும், ஒன்றோடொன்று கலந்துபோகும். கழற்றியதை அதனதன் ஓட்டையிலேயே நாலு சுற்று சுற்றி வைத்துவிடுவேன். லாரி ஓட்டிய நாளிலிருந்து அதுதான் என் வழக்கம்.

மறுநாள் ஷெட்டின் இரும்பு உத்தரத்தில் பாரம் தூக்கும் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு எஞ்சினை அதில் மாட்டினேன். கியர் பாக்ஸுக்கு அடியில் ஜாக்கியை முட்டுக்கொடுத்தேன். எஞ்சினைக் காரோடு பிடித்திருந்த மவுண்டிங் நட்டுகளை எடுத்துவிட்டுச் சங்கிலியை இழுத்தேன். எஞ்சின் விரற்கடை எழும்பியது. கூடவே காரின் மூக்கும் எழும்பியது. இன்னும் இழுத்தேன். முன் சக்கரம் தரையை விடப் பார்த்தது.

சமையலறைக் கதவில் என் மனைவி நின்றிருந்தாள்.

"காரையே மாட்டித் தொங்கவிடப் போறீங்களா?"

"நீ உள்ள போ."

"போறேன். நேத்து கழட்டின போல்ட்டையெல்லாம் திரும்ப மாட்டிட்டே இருந்தீங்களே. கியர் பாக்ஸைப் பிடிச்சிருக்கிறதையும் மாட்டிட்டீங்களோ?"

சங்கிலியைத் தளர்த்திவிட்டுக் கையைப் பின்னால் விட்டுத் தடவினேன். ஆறு போல்ட்டும் அதனதன் இடத்தில் பத்திரமாக உட்கார்ந்திருந்தன.

"தொலையாம இருக்கணும்னுதான் வச்சேன்."

"ஒன்னுகூடத் தொலையலை" என்றாள்.

ஆறையும் உருவினேன். எஞ்சினை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி இழுக்க, கியர் பாக்ஸை விட்டு வந்தது. சங்கிலியில் ஏற்றி, காரைப் பின்னால் தள்ளி, இரண்டு பலகைகள் மேல் எஞ்சினை இறக்கினேன். தனியாகத்தான் இறக்கினேன். காரைத் தள்ள மட்டும் அவள் ஒரு கை கொடுத்தாள்.

மாப்பிள்ளை வந்து சேர்ந்தபோது மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிளாக்கின் பின்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு, தலைமுடி கனம். நகத்தை ஓட்டினேன். லேசாகத் தட்டியது.

"வார்ப்புல விழுந்த கோடு" என்றேன்.

மனைவி ஒரு மக்கில் தண்ணீரோடு வந்தாள். எஞ்சினின் கீழே இருந்த தண்ணீர்க் குழாயின் வாயைப் பழந்துணியால் அடைத்தாள். மேல் ஓட்டையில் தண்ணீரை ஊற்றினாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். கோடு முதலில் கறுத்தது. பிறகு அதன்மேல் பொட்டுப் பொட்டாகத் தண்ணீர் நின்றது.

"விரிசல்தான் மாமா."

"விரிசல்னா ஒழுகணும். இது வேர்க்குது."

"பாவம், ரெண்டு நாளா உங்ககூட வேலை பார்த்திருக்கே" என்றாள் அவள்.

வாசலில் இரும்புக்காரனின் லாரி வந்து நின்றது. கண்ணால் பார்த்தால் கொடுத்துவிடுகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னவன் நான்தான். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தேன்.

"கொண்டு போகச் சொல்லுங்க. ஆனா நான் பார்த்தது கோடு. விரிசல்னு ஒத்துக்கிட்டேன்னு அந்தக் கண்ணாடிக்காரன்கிட்ட சொல்லிடாதீங்க."

மண்ணெண்ணெய்க் கையைக் கழுவப் பின்பக்கம் போனேன்.