பன்னிரண்டு மோல்

இரும்புக் குழாய் முதல் வீச்சிலேயே கலவைக்காரனின் தோளைப் பிளந்தது. வீசியவன் அவனுடைய தங்கச்சி புருஷன். வலது கை மணிக்கட்டு வரை வெந்து தோல் வழன்று தொங்கியதால் இடது கையால் வீசினான்.

"வேணும்னே செஞ்சிருக்கேடா! கைய எடுத்துடுவேன்னு முந்தாநாள் சொன்னியே, எடுத்துட்டேல்ல?"

சொன்னது உண்மைதான். தங்கச்சி உதடு கிழிந்து பட்டறைக்கு வேலைக்கு வந்த அன்றைக்கு, கலவைக்காரன் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். "இன்னொரு தடவ அவ மேல கை வச்சே, அந்தக் கை உனக்கு இருக்காது மச்சான்."

ஆனால் இன்றைக்கு நடந்தது வேறு. துருப் போக்கும் தொட்டிக்கு அமிலம் கலப்பது அவன் வேலை. வழக்கமாக வரும் கேனில் அமிலத்தின் வீரியம் லிட்டருக்குப் பன்னிரண்டு மோல் என்றிருக்கும். பதினொரு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு விட்டால் லிட்டருக்கு ஒரு மோலாக இறங்கும். கையில் பட்டால் அரிக்கும், அவ்வளவுதான். காலையில் வந்த கேனிலோ மில்லிலிட்டருக்குப் பன்னிரண்டு மில்லிமோல் என்று ஒட்டியிருந்தது. மில்லி என்றால் ஆயிரத்தில் ஒன்றாயிற்றே. பன்னிரண்டை ஆயிரத்தால் வகுத்தான்.

"பச்சத் தண்ணிய அனுப்பிட்டானுங்கப்பா. வாய் கொப்புளிக்கலாம்!"

சிரித்துக்கொண்டே, தண்ணீர் சேர்க்காமல் கேனை அப்படியே தொட்டியில் கவிழ்த்தான். புகை குப்பென்று மூக்கில் ஏறியது. இந்தப் பட்டறையில் எதுதான் புகையாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். மச்சான் கிழிந்த கையுறையோடு துருப்பிடித்த குழாயை அதில் முக்கினான். அலறல் தெருமுனை வரை கேட்டது.

இரண்டாவது அடி விலாவில் இறங்கியது. மச்சான் குழாயை வீசி எறிந்துவிட்டு, விழுந்தவனின் தலைமயிரைப் பற்றிப் பொங்கும் தொட்டிக்கு இழுத்தான்.

"தண்ணிதானே? கொப்புளிடா!"

ஆவி கண்ணைப் பிடுங்கியபோதுதான் கலவைக்காரனுக்கு உறைத்தது. மேலே மோலில் ஒரு மில்லி, கீழே லிட்டரிலும் ஒரு மில்லி. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போனால் மிச்சம் அதே பன்னிரண்டு மோல். சரக்கு பழையதுதான், எழுதிய விதம்தான் புதுசு.

முழங்கையைப் பின்னால் ஓங்கி இடித்தான். மச்சானின் மூக்கெலும்பு நொறுங்கியது. புரண்டு அவன் மார்பில் ஏறி உட்கார்ந்து குரல்வளையை நெரித்தான். நெரிக்க நெரிக்க இதமாக இருந்தது. அந்த இதம்தான் அவனைப் பயமுறுத்தியது.

"விடுண்ணே!"

குழாய் துடைக்கும் மேடையிலிருந்து ரப்பர் ஹோசை இழுத்துக்கொண்டு தங்கச்சி ஓடி வந்தாள்.

"தெரியாமப் பண்ணிட்டேம்மா. மில்லி ரெண்டு பக்கமும் இருந்துச்சு, நான் ஒரு பக்கத்த மட்டும்..."

"ஒங் கணக்க அப்புறம் சொல்லு. அந்தக் கையப் பிடி. அசங்காமப் பிடி."

அவளை அடித்த கை. இரண்டு கையாலும் அதை முழங்கைக்குக் கீழே அழுத்திப் பிடித்தான். தண்ணீர் பீய்ச்சியதும் தோல் சுருள்சுருளாகக் கழன்று வடிகாலுக்குப் போனது. மச்சான் ஊளையிட்டான். பிறகு வாயில் திரண்ட ரத்தத்தை அவன் முகத்தில் காறித் துப்பினான்.

துடைக்கக் கலவைக்காரனுக்குக் கை ஒழியவில்லை.