வாசல் தாண்டாத பன்னிரண்டு டின்

1.

இந்தக் கதை ஒரு தட்டு நூடுல்ஸில் பிறந்தது. பென்சில்வேனியாவில் ஒரு பழைய சுரங்க ஊர். பனிப்புயலுக்கு ஒதுங்கிய சாப்பாட்டுக் கடையில் முட்டைக்கோஸ் நூடுல்ஸைக் கிளறியபடி, அடுத்த தொடருக்கு ஒரு பிணம் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்தது பியர்.

முதல் வரி இது: ‘ரெஜினாவின் விரல் கல்லாவின் மீது நடுங்கியது. அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு நிழல்...’

அடித்துவிட்டேன். கடைக்காரி ரெஜினாவின் பின்னால் நிழல் இல்லை, எண்ணெய்ச் சட்டிதான் இருந்தது. விரலும் நடுங்கவில்லை.

2.

வில்லன் யார்? சட்டம். (சிரிக்காதீர்கள். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.)

இங்கே சாப்பாட்டுக் கடையில் பியரை டின்னோடு வாங்கிப் போகலாம். ஆனால் ஒரு தடவைக்குப் பெரிய டின் பன்னிரண்டுதான். இன்னும் வேண்டுமா? முதல் பன்னிரண்டை வெளியே வைத்துவிட்டு அதே ஆள் அதே வாசல் வழியாக வந்து இன்னொரு பன்னிரண்டு வாங்கலாம். அப்புறம் இன்னொன்று. தப்பே இல்லை.*

* இப்படி ஒரு வில்லனை நானாகக் கற்பனை செய்து அனுப்பியிருந்தால் ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

3.

லியோ யுர்கோ. எண்பது வயது. இடுப்பு எலும்பை மாற்றி இன்னும் பழகவில்லை. சக்கரம் வைத்த நடைவண்டியைப் பிடித்து நிற்கிறார். அதன் கூடையில் காசு கொடுத்து வாங்கிய பன்னிரண்டு டின். அன்று காலை தம்பியை அடக்கம் செய்துவிட்டு, தீயணைப்பு நிலைய மண்டபத்தில் நடக்கும் சாவுச் சாப்பாட்டுக்காக வந்திருக்கிறார்.

“ரெஜினா, கண்ணு, இன்னொரு பன்னிரண்டு போடு.”

“கூடையில இருக்கிறத வெளிய கார்ல வச்சிட்டு வாங்க. போடுறேன்.”

“வெளிய பாத்தியா? தரையெல்லாம் ஐஸு. ஒரு தடவை தாண்டுறதே பெரும்பாடு. போயி, வந்து, மறுபடி போகணுமா? காலைல தம்பியப் பொதச்சாச்சு. சாயங்காலம் என்னையும் பொதைக்கிறியா?”

“ஏற்கெனவே ஒருவாட்டி மாட்டியிருக்கேன் லியோ. இன்னொருவாட்டின்னா லைசென்ஸ் போச்சு. அது போனா இந்தக் கடையில மிச்சம் என்ன இருக்கு, வினிகர்ல ஊறுற முட்டையா? குடுங்க, நான் கொண்டு போய் வைக்கிறேன்.”

“என் தம்பிக்கு வாங்கினது. என் கையாலதான் போகும்.”

“அப்ப நடங்க!”

“யாரு பாக்கப் போறா?”

ரெஜினா மூலையைப் பார்த்தாள்.

4.

சரி, இந்த இடத்தில் ஒரு மர்ம மனிதன் தேவை. வேகமாகக் குறித்தேன்: ‘மூலை மேஜை. ரொம்ப நேரமாக ஒரே தட்டு. சுவரில் மாட்டிய லைசென்ஸையே பார்க்கிறான். என்னவோ எழுதுகிறா...’

நிமிர்ந்தேன். மூலை மேஜை ஒன்றுதான். அதில் நான்தான்.

ரெஜினா கரண்டியோடு என் முன்னால் நின்றாள்.

“சார், நேராவே கேக்கறேன். நீங்க பியர் போலீஸா?”

“இல்லைங்க. கதை எழுதுறவன்.”

“அவங்களும் இல்லைன்னுதானே சொல்வாங்க?”

“கதையாம்!” என்றார் லியோ. “போன தடவை வந்தவன் அடுப்பு ரிப்பேர்னான்.”

“அப்ப அந்த ரெண்டாவது பன்னிரண்ட நானே வாங்கி இவருக்குத் தர்றேன்” என்றேன்.

“பாத்தீங்களா லியோ? வலை போடுறாரு.”

இருபது வருடமாகக் கொலைகாரர்களைப் பேச வைத்திருக்கிறேன். ஒரு பெண்மணியிடம் நான் நான்தான் என்று நிரூபிக்க முடியவில்லை.

5.

முடிவு அ: நான் எழுந்து போய்விடுகிறேன். ரெஜினா விற்றுவிடுகிறாள். (வெளியே புயல். இந்த ஐஸில் எனக்குக் கார் ஓட்ட வராது. மேலும், சப்பென்று இருக்கிறது.)

முடிவு ஆ: நான் நிஜமாகவே இன்ஸ்பெக்டர். நீங்கள் கைதட்டுவீர்கள். அவள் கடையை மூடுவாள். இதற்கு நான் ஆள் இல்லை.

முடிவு இ-யை எழுதவில்லை, செய்துவிட்டேன். எரிச்சல்தான் காரணம். கூடையிலிருந்த பன்னிரண்டையும் அள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தேன். பியர் வாசல் தாண்டியாயிற்று. சட்டம் திருப்தியா? லைசென்ஸ் பத்திரமா? நல்லது.

“டேய்! அது என் தம்பியோடது!”

திரும்பினேன். கூடை காலியான நடைவண்டி கடைக்குள்ளேயே நிற்கிறது. அதை விட்டுவிட்டு லியோ என் பின்னாலேயே வந்துவிட்டார். ஒரு கால் வாசற்படியில். மறு கால் ஐஸுக்கு மேலே, அந்தரத்தில்.

என் இரண்டு கையிலும் பியர். கீழே வைக்கக் குனிந்தால் நானே விழுவேன். ரெஜினா கல்லாவைச் சுற்றிக்கொண்டு ஓடி வருகிறாள், இன்னும் பாதி தூரம் இருக்கிறது. நான் இதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதினால் அந்தக் கால் கீழே இறங்கிவிடும்.

இவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு வாசித்தது நீங்கள் ஒருவர்தான். அவர் முழங்கையைக் கொஞ்சம் பிடியுங்கள்.