கூடத்து ஐஸ் பெட்டி

பக்கத்து வீட்டுக் கௌசல்யா கோழிக்கோட்டுக்குப் போகப்போவதில்லை என்பது, அந்த ப்ரீசர் டெம்போவில் வந்து இறங்கிய அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. கரமனையில் எங்கள் சந்துக்குள் எது வந்தாலும் முதலில் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நெய்யாற்றின்கரையில் மூடிப்போன ஏதோ ஐஸ்கிரீம் கடையின் பெட்டி அது. பக்கவாட்டில் கோன் ஐஸ் படம் பாதி உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. சமையலறையில் இடமில்லை என்று கூடத்தில் வைத்தார்கள். அதுவும் சரியாக, மாலை போட்ட அவள் மாமனார் படத்துக்குக் கீழே. இது உருப்படாது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, இரண்டு வீட்டில் சொல்லியும் வைத்தேன்.

விஷயம் இதுதான். கௌசல்யா ஒரு தனியார் வங்கியில் உதவி மேலாளர். கோழிக்கோட்டுக் கிளைக்கு மேலாளராகப் போகிறாயா என்று கேட்டிருந்தார்கள். அவளுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த பையன்களெல்லாம் மேலாளராகிவிட்ட காலத்தில் வந்த அழைப்பு. இதை விட்டால் இன்னொன்று வராது என்று அவளே என்னிடம் சொன்னாள். ஞாயிறு இரவு ரயில், வெள்ளி இரவு திரும்பிவிடலாம். முதலில் இரண்டு வாரம் அங்கே பொறுப்பு பார்க்க வேண்டும். அந்த இரண்டு வாரமும் வீட்டில் சாப்பாடு ஒழுங்காக நடந்தால் சரி என்று எழுதிக்கொடுப்பது, நடக்காவிட்டால் மறுத்துவிடுவது. புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு.

புருஷன் உமாசங்கர் சாலைக் கடைவீதியில் அரிசி மொத்தக் கடையொன்றில் கணக்குப் பார்க்கிறார். சர்க்கரை நோயாளி. வேண்டாம் என்று வாயால் சொல்லத் தெரியாத மனிதர். "போய்ட்டு வா, நாங்க பாத்துக்கிடுவோம்" என்றுதான் இதற்கும் சொன்னார். அந்த வீட்டு ஆண்கள் பார்த்துக்கொள்வதை நான் ரொம்ப காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்ப்பார்கள்.

கௌசல்யா கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை விடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் சமையலறை ஜன்னலும் என் சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர் என்பதால் வேடிக்கை பார்க்கத் தனியாக எங்கும் போகவேண்டியதில்லை. இருந்தாலும் ஒரு கிண்ணம் சர்க்கரை கேட்கிற சாக்கில் உள்ளேயே போய்விட்டேன். சர்க்கரை நோயாளி வீட்டில் சர்க்கரை கேட்டது பிறகுதான் உறைத்தது.

பெரிய குண்டான்களில் சிறுபயறும் மத்தனும், அதாவது மஞ்சள் பூசணியும், ஒன்றாய் வெந்துகொண்டிருந்தன. இன்னொன்றில் கொள்ளு. பக்கத்தில் புளிக்கறி. கீரை கடைந்து ஆறவைத்திருந்தாள். உருளைக்கிழங்கு கிடையாது, உறைந்து உருகினால் மண் மாதிரி ஆகிவிடுமாம். முருங்கைக்காய் நார்நாராகிவிடுமாம். தேங்காய் அரைத்து ஊற்றினால் திரிந்தது போலாகிவிடும் என்று, தேங்காயை மட்டும் தனியாக அரைத்து ஐஸ் தட்டில் கட்டி கட்டியாக உறையவைத்திருந்தாள். சூடாக்கும்போது இரண்டு கட்டி எடுத்துப் போட்டால் போதும். உறைந்தால் உப்பிக்கொள்ளும் என்பதால் எந்த டப்பாவையும் விளிம்பு வரை நிரப்பவில்லை. குண்டான்களைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, ஃபேனைத் திருப்பிவைத்து ஆறவிட்டாள். வங்கியில் கடன் கேட்டு வருகிறவனைக்கூட அவள் இவ்வளவு அக்கறையாகப் பார்த்திருக்க மாட்டாள்.

எல்லாம் புருஷனின் சர்க்கரைக்கு ஏற்ற சாப்பாடு. மகள் ஆர்யா, பிளஸ் ஒன் படிக்கிறவள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "தினமும் இதுவா அம்மா? காணும்போழே மடுத்து" என்றாள். பார்க்கும்போதே அலுத்துவிட்டதாம்.

மாமியார் மங்கலம் அம்மாளுக்குத்தான் நிஜமான ஆட்சேபம். முழங்கால் தேய்ந்துபோய் அடுப்பின் முன் நிற்க முடியாதவர். நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார்:

"ஐஸ் பெட்டில வச்சு எடுத்துத் திங்கதுக்கு நான் என்ன பொணமா? இவ மாமனார மவ துபாய்லேந்து வாறது வரைக்கும் இப்படித்தான் பெட்டில கெடத்தியிருந்துது. பக்கத்துல இருந்தவ நான்."

இதற்கு யார் என்ன சொல்வது? கௌசல்யா மேலே மாட்டியிருந்த படத்தை ஒருமுறை பார்த்தாள். டப்பாக்களை அடுக்கி மூடியைச் சாத்தினாள். பிறகு எல்லாரையும் நிறுத்திப் பாடம் எடுத்தாள். முந்தின நாள் ராத்திரி எடுத்துச் சின்ன ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். காலையில் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும்.

"உருகினது உருகினதுதான். மிச்சம் வந்தா கொட்டிருங்க. திருப்பி உள்ள வைக்கப்பிடாது, கேட்டியளா?"

"அதெல்லாம் எனக்கு அறியாம்" என்றார் உமாசங்கர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். எல்லாம் தெரியுமாம்.

முதல் வாரம் நன்றாகவே போனது. எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான். புதுப் பெட்டியல்லவா, திறந்து திறந்து பார்க்கிற ஆசை. உமாசங்கர் அடுப்பைப் பற்றவைத்ததையே நான் அந்த வாரத்தில்தான் முதல்முறையாகக் கண்டேன். வெடி கொளுத்துகிற மாதிரி கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பற்றவைத்தார்.

இடையில் அமாவாசை வந்தது. அந்த வீட்டில் அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்காமல் யாரும் சாப்பிடுவதில்லை. காக்கை வடிவில் வருவது அவர்களுடைய மூத்தவர்கள். இந்தக் கணக்கில் மங்கலம் அம்மாளின் புருஷன். எங்கள் கிறிஸ்தவ சபையில் காக்கைக்கு அப்படி உத்தியோகம் எதுவும் கிடையாது. ஆனாலும் பார்க்க எனக்குப் பிடிக்கும். அன்றைக்கு மங்கலம் அம்மாளுக்கு வேறு வழியில்லை. மருமகள் ஊரில் இல்லை, மகன் கடைக்குப் போயாயிற்று, கால் நிற்காது. குக்கரில் சோறு மட்டும் வைத்துவிட்டு, பெட்டியிலிருந்து எடுத்த புளிக்கறியைக் கொதிக்கவைத்து அதன்மேல் ஊற்றி, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து மதில்மேல் இலையில் வைத்தார். பெட்டியில் கிடந்தவருக்குப் பெட்டிச் சோறு. அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கே கேலி வரவில்லை.

கூப்பிட்டார். ஒன்றும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கை தலையைச் சாய்த்துப் பார்த்தது, இறங்கியது, ஒரு கொத்து கொத்தியது. பிறகு இலையே கிழிகிற மாதிரி தின்றது.

"தின்னாரு பிரிஸில்லா" என்றார் என்னிடம். குரல் இறங்கிப்போயிருந்தது. "ஒரு பருக்கை வைக்காம தின்னுட்டாருலா."

அன்றிலிருந்து அந்தக் கிழவி ப்ரீசர் கட்சி. கோழிக்கோட்டுக்குப் போன் போட்டு மருமகளிடம் சொன்னார். சந்தில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நானும் என் பங்குக்குச் சொன்னேன். சனி ஞாயிறு வந்துபோன கௌசல்யா மறுபடி பெட்டியை நிரப்பினாள். போகும்போது என் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை என்பதால் சொல்கிறேன். மாமியார் தடை நீங்கியது. இனி என்ன, போய்விடுவாள் என்று நானும் என் தீர்ப்பை மாற்றிக்கொள்ளப் பார்த்தேன்.

ஆனால் தடை மாமியாரே அல்ல.

இரண்டாவது வாரம் உமாசங்கர் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ராத்திரி மறந்துபோவார், காலையில் ஞாபகம் வந்து ஒரு டப்பாவை எடுத்துச் சமையல் மேடைமேல் வைப்பார். கல் மாதிரி இருக்கிறதை என்ன செய்வது? பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். சாலைக் கடைவீதியில் ரசவடை இருக்கிறது, பூரி இருக்கிறது. ஆர்யாவுக்கு ஸ்கூல் கேன்டீன். மங்கலம் அம்மாளுக்கு அந்த வாரம் பல்வலி. கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். பயறும் மத்தனும் அந்த மேடைமேல் பகல் முழுக்க ஜன்னல் வெயிலில் வியர்த்துக்கொண்டு நிற்கும். சாயங்காலம் வந்து உமாசங்கர் அதைப் பார்ப்பார். கொட்டினால் அவள் உழைப்பாயிற்றே என்று மனசு கேட்காது. அரிசிக் கடையில் இருக்கிறவர் வேறு, உணவைக் கொட்டமாட்டார். துணியால் துடைத்து, பத்திரமாகப் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிடுவார். மறுநாள் அதே டப்பா. அதற்கு மறுநாளும் அதே டப்பா. நான் ஜன்னல் வழியாக ஒருதரம் கேட்டேன், தம்பி, அது கெட்டுப்போகாதா என்று. ப்ரீசரில் வைத்தால் எப்படிக் கெடும் என்று அவர் என்னிடமே விளக்கினார்.

வியாழக்கிழமை மங்கலம் அம்மாளுக்குப் பல்வலி குறைந்தது. பசி. மருமகள் கஷ்டப்பட்டுச் செய்துவைத்ததை யாரும் தொடவில்லையே என்று வருத்தம் வேறு. தானே எழுந்து, மேடைமேல் இருந்த பயற்றைக் கொஞ்சம் சூடுபண்ணிச் சாப்பிட்டார். அந்த வீட்டில் அந்தப் பெட்டியை நம்பிய ஒரே ஆள் அவர்தான். சாயங்காலம் வாந்தியும் பேதியும் நிற்காமல் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இரண்டு கையிலும் குளுக்கோஸ்.

கௌசல்யா மறுநாள் காலையில் வந்து இறங்கினாள். அதற்குள் சுசீந்திரத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். மருமகள் கோழிக்கோட்டில் அதிகாரி, மாமியார் இங்கே ஆஸ்பத்திரியில் என்று அவர்கள் பேசியது வராந்தாவின் கடைசி வரை கேட்டது. நான் சொன்னால்கூட அவ்வளவு நயமாகச் சொல்லியிருக்க மாட்டேன். உமாசங்கர் எல்லாரையும் அமர்த்தினார். "அவளக் குத்தம் சொல்லண்டாம். ஐஸ்ல வச்ச சாப்பாடு அம்மைக்கு ஒத்துக்கிடல்ல, அவ்வளவுதான்" என்றார். மனைவிக்குப் பரிந்துதான் பேசினார். அதை முழுமனசோடு நம்பியும் பேசினார்.

எனக்கு வாய் அரித்தது. கௌசல்யாவைக் குழாயடிக்குத் தனியாக இழுத்துப்போய், நான் கண்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"தெரியும்க்கா. வீட்டுக்குப் போய் டப்பாவத் தெறந்து பாத்துட்டுதான் வந்தேன். உள்ள பனி பூத்துக் கெடக்கு. ஒருதடவ ஒறஞ்சது அப்படி இருக்காது."

"பின்ன அத்தன பேரு பேசும்போ ஏன் வாயத் தொறக்கல்ல?"

குழாயை இறுக்கி மூடினாள். அது கொஞ்சம் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

"சொன்னா, திருப்பி வைக்கத நிறுத்துவாரு. எடுத்துத் தின்பாரா?"

நான் எட்டி அந்தக் குழாயை இன்னொரு தடவை இறுக்கிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை அவள் கோழிக்கோடு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தாள். அந்த இடத்துக்கு அவளுக்குக் கீழே இருந்த லிபின் போனான். வீட்டில் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்று அவனிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. போ என்றுதான் சொன்னேன், அவளே முடிவு பண்ணிவிட்டாள் என்று உமாசங்கர் என் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். போன மாதம் அவருக்குச் சர்க்கரை இன்னும் ஏறியிருக்கிறது. ரசவடையைப் பற்றி டாக்டரிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.

பெட்டி இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. விற்றுவிடலாம் என்று கௌசல்யாவும் சொல்லவில்லை. விற்றால் சமையல் குறையுமா என்ன? ஞாயிறுதோறும் அதே குண்டான்கள், அதே பயறு, அதே கொள்ளு. ராத்திரி எடுத்து வைப்பது அவள், விடியற்காலையில் கொதிக்கவைப்பது அவள், டப்பாக்களில் கட்டிக் கையில் கொடுப்பதும் அவள்தான். கொடுத்தால் சாப்பிடுகிறார்கள், பாதி. மங்கலம் அம்மாள் தேறி வந்துவிட்டார், ஆனால் இப்போது கஞ்சியைத் தவிர எதையும் தொடுவதில்லை.

நேற்று அமாவாசை. வேலைக்குப் புறப்பட்டு நின்ற மருமகளை மங்கலம் அம்மாள் கூப்பிட்டார். புதுசாகப் புளிக்கறி வைக்கவேண்டாம், பெட்டியில் இருப்பதையே ஊற்று என்றார்.

"அவருக்கு அதுதான் பிடிச்சிருக்கு, மக்ளே."

கௌசல்யா மணியைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, டப்பாவைத் தண்ணீரில் முக்கி உருக்கி, கொதிக்கவைத்து, சோற்றில் ஊற்றி மதில்மேல் வைத்தாள். கூப்பிடக்கூட இல்லை. காக்கை கம்பியிலிருந்து இறங்கித் தின்னத் தொடங்கியது. அது தின்று முடிக்கிறவரை புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு அங்கேயே நின்றாள். பிறகு டப்பாவைக் கழுவி மதிலில் கவிழ்த்துவிட்டு, பஸ் பிடிக்க வேகமாக நடந்தாள். என் ஜன்னல் திறந்துதான் இருந்தது. இந்தப் பக்கம் பார்க்கவில்லை.