மாதாவுக்கு நேர்ந்த முட்டி

நூறு மீட்டருக்குள் பத்துத் தடைகளைத் தாண்டி ஓடுகிறவள் நான். அப்படிப்பட்டவள் எங்கள் தீவின் வண்டூர் படகுத்துறையில் பாசி வழுக்கி விழுந்து, வலது முட்டிச் சில்லை உடைத்துக்கொண்டேன். அப்பாவின் படகிலிருந்து ஐஸ் பெட்டி இறக்கிக் கொடுத்ததற்குக் கிடைத்த பதக்கம் அது.

நான்கு மாதம் கழித்து டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "எலும்பு நல்லா சேர்ந்திருச்சு. திங்கட்கிழமையிலிருந்து மெதுவா ஓடலாம். தரையில முட்டி போடறது மட்டும் இப்போதைக்கு வேண்டாம்" என்றார். அம்மாவின் முகம் சுண்டிவிட்டது.

காரணம் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் தெரிந்தது. நான் விழுந்த அன்றே அம்மா மாதாவிடம் நேர்ந்துகொண்டிருக்கிறாள். எலும்பு கூடினால் மகள் கோயில் வாசலிலிருந்து பீடம்வரை முட்டி போட்டே வருவாள்; அதற்கு முன் மைதானத்தில் கால் வைக்க மாட்டாள். மெழுகுவர்த்தி ஏற்றுவதாக நேர்ந்திருக்கலாம். மொட்டை இருக்கிறது, வெள்ளியில் கால் செய்து போடுவது இருக்கிறது. என் உடம்பில் எது உடைந்ததோ அதையே தேடிப்பிடித்து மாதாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். என்ன ஒரு தாய்ப்பாசம்!

"அவசரத்துல வாயில வந்தத நேந்துட்டேன்ட்டி" என்றாள்.

நடந்தே வந்து ஜெபம் செய்தால் போதும் என்றார் பங்குத்தந்தை. அம்மா ஒப்பவில்லை. நேர்ந்தது மாதாவிடம், நடுவில் ஃபாதர் யார்?

இதில் வேடிக்கை, நானும் அம்மா கட்சியில் சேர்ந்துகொண்டதுதான். ஞாயிறு பூசை என்றாலே தலைவலி வரும் எனக்குத் திடீரென்று பக்தி பொங்கியது. கோச் சுகுணா மேடம் போன் செய்யும்போதெல்லாம், "நேர்ச்சை பாக்கி இருக்கு மேடம்" என்பேன். முட்டி போட டாக்டர் விடமாட்டார், ஓட மாதா விடமாட்டார். ஒரு கோழைக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடைக்குமா? ஆமாம், கோழைதான். பயந்து செத்துக்கொண்டிருந்தேன். குளியலறைப் படி இறங்கக்கூடக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் மேடம் பொறுமை இழந்தார். "பஹுத் ஹோ கயா, போதும் பெனிட்டா! எவ்ளோ நாள் இந்த நேர்ச்சைக் கதை? அடுத்த மாசம் மெயின்லேண்டு கேம்ப்புக்கு செலக்‌ஷன். திங்கக்கிழமை நீ கிரவுண்டுக்கு வரலன்னா லிஸ்ட்ல உன் பேர அடிச்சிருவேன்."

அந்த ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவள், மறந்துவிட்ட குடையை எடுக்கக் கோயிலுக்குத் திரும்பினேன். வாசலில் அப்பா அம்மாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே அம்மா சிமெண்டுத் தரையில் முட்டி போட்டு நகர்ந்துகொண்டிருந்தாள். ஐம்பத்தாறு வயது, எண்பது கிலோ.

"யம்மா, என்ன பண்ணுத? முட்டி போட வேண்டியது நான்லா?"

"மாதாகிட்ட கேட்டுட்டேன். மகளுக்குப் பதிலா நான் வந்தா போதுமான்னேன். வேண்டாம்னு ஒண்ணும் சொல்லல."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று அழுகைதான் வந்தது. "எனக்குப் பயமா இருக்கும்மா. மறுபடி விழுந்திருவேன்."

"தெரியும்ட்டி. நீ பாத்ரூம் கதவப் புடிச்சிக்கிட்டு எறங்குதத நான் பாக்கலன்னு நெனச்சியா? கேக்கவங்ககிட்டல்லாம் நேர்ச்சையச் சொல்லிட்டுத் திரியுத. அதான், அத முடிச்சிருவோம்னு வந்தேன். தள்ளு, வழிய மறிக்காத."

மீதித் தூரம் அவள் பக்கத்திலேயே நடந்தேன். பீடத்தருகே அவளைத் தூக்கி நிறுத்த அப்பாவும் நானும் இரண்டு பேரும் தேவைப்பட்டோம்.

திங்கட்கிழமை மைதானத்துக்குப் போனேன். பதினைந்து நாள் வெறும் ஓட்டம். பதினாறாம் நாள் மேடம் ஒரே ஒரு தடையை நிறுத்தினார், பள்ளிப் பிள்ளைகள் தாண்டும் உயரத்தில். அம்மா நொண்டிக்கொண்டே வந்து கேலரியில் உட்கார்ந்தாள். இரண்டு முட்டியும் இன்னும் வீங்கியிருந்தன, ஐஸ் பையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஷூ லேஸை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினேன். நான்காவது முறை கட்ட வெட்கமாக இருந்தது. ஓடினேன்.

கால் இடித்தது. படாரென்று ஒரு சத்தம். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தடைக்கு அந்தப் பக்கம் இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏட்டி!" கேலரியிலிருந்து அம்மா கத்தினாள். "விழுந்தது அதுதான். நீயில்ல!"

மேடம் தடையை நிமிர்த்தி வைத்தார். நான் திரும்பிப் போய்க் கோட்டில் நின்றேன். லேஸைத் தொடவில்லை.