அக்கா வெளியே வைத்த புருஷன்

அந்த வசந்தத்தில் என் அக்கா அனிவேக்கி தன் புருஷன் தூஸ்துவின் துப்பாக்கியையும் கம்பளியையும் வாசலுக்கு வெளியே எடுத்து வைத்தாள். வெள்ளைக்காரர் வருமுன்பே அமெரிக்காவில் வாழ்ந்த எங்கள் செரோக்கி சனத்தில் வீடு பெண்ணுடையது. சாமான் வெளியே வந்துவிட்டால் கல்யாணம் முடிந்தது, பேச்சுவார்த்தை கிடையாது.

சண்டை மரக்கட்டையால் வந்தது. ஹிவாசி ஆற்றங்கரையில் அரசாங்கப் பட்டாளத்தார் கோட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். தூஸ்து தன் மாடுகளைப் பூட்டி அவர்களுக்குக் கட்டை இழுத்துப் போட்டான்.

“நம்ம நிலத்தைப் பிடுங்க வர்ற வெள்ளைக்காரனுங்களைத் தடுக்கத்தான் கோட்டையாம். கேப்டனே சொன்னாரு.”

“கூரை போட்டிருக்கானா?” என்றாள் அக்கா.

“இல்ல.”

“தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?”

தூஸ்து கொஞ்சம் யோசித்தான். “வெளிப்பக்கம்.”

“அதுக்குப் பேரு கோட்டை இல்ல, கூறுகெட்ட மனுசா. பட்டி.”

அவன் ஓடைக்கு அந்தப்புறம் தன் அம்மா வீட்டுக்குச் சீட்டியடித்துக்கொண்டே போய்விட்டான்.

மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்தபோது பட்டாளம் வந்தது. முற்றத்தில் பயறு வெந்து இறக்கின நேரம். சாப்பிட விடவில்லை, துப்பாக்கிமுனைக் கத்தியால் நெட்டித் தள்ளிக்கொண்டு போனார்கள். மேட்டிலிருந்து திரும்பிப் பார்த்தேன். அவர்கள் பின்னாலேயே வந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் எங்கள் பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. வீட்டம்மா உப்பு பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோட்டைக்குள் எங்களுக்கு முன்பே தூஸ்து இருந்தான்.

“வாங்க, வாங்க. இந்த மூலையில கொஞ்சம் காத்து வரும்,” என்று விருந்தாளியை அழைப்பதுபோல் அழைத்தான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாவும் உப்புப் பன்றிக்கறியும் குடும்பத்துக்கு இவ்வளவென்று ஆண்பிள்ளை கையில்தான் கொடுத்தார்கள். அவர்கள் பேச்சை எங்களுக்கு மாற்றிச் சொல்லும் துபாஷி கூப்பிட்டான்: “தூஸ்து, அவன் பொண்டாட்டி, கொழுந்தியா!”

அக்கா எழுந்து நேரே கேப்டன் முன்னால் போய் நின்றாள். “இவன் எனக்குப் புருஷன் இல்ல. சாமானை அப்பவே வெளிய வச்சுட்டேன்னு அவருகிட்ட சொல்லு.”

கேப்டன் மரியாதையானவர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஏதோ சொன்னார். துபாஷி தரையைப் பார்த்தபடி சொன்னான்: “எந்த வீட்டுலேருந்து வெளிய வச்சேன்னு கேக்கறாரு.”

“என் வீட்டுலேருந்து.”

“உடன்படிக்கைப்படி அது உன் வீடே இல்லியாம். இல்லாத வீட்டுலேருந்து யாரையும் வெளிய வைக்க முடியாதாம். அதனால இந்தப் புருஷன் செல்லுமாம்.”

நாங்கள் அனுப்பாத யாரோ சிலர் எங்கேயோ கையெழுத்துப் போட்ட உடன்படிக்கை அது. எங்கள் வீட்டைக் கொண்டுபோனது. புருஷனைத் திருப்பிக் கொடுத்தது.

அக்கா ஒரு குச்சியால் தரையில் கோடு இழுத்து, தூஸ்துவின் கம்பளியை அந்தப்பக்கம் எறிந்தாள். அவனும் மாவைக் கோட்டருகே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வான். பார்த்துப்போக வந்த பாதிரியார், இத்தனை நெரிசலிலும் சத்தமே போடாத தம்பதி என்று மெச்சிவிட்டுப் போனார்.

பிறகு வயிற்றுப்போக்கு வந்தது. முதலில் குழந்தைகள் போனார்கள். தூஸ்துவும் படுத்துவிட்டான். அக்கா தண்ணீரோடு அந்தப்பக்கம் போனாள்.

“கோட்டைத் தாண்டிட்டியே,” என்றான் அவன்.

“பெரிய கோட்டை நீ கட்டினது. நான் போட்டது வெறும் கோடு. வாயைத் திற.”

குடித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “நமக்குக் காவலுக்குன்னு நெசமாவே நம்பினேன், அனிவேக்கி.”

“தெரியும். பொய் சொல்ற அளவுக்கு உனக்குச் சாமர்த்தியம் இருந்திருந்தா நான் துரத்தியே இருக்கமாட்டேன்.”

மறுநாள் அவன் இறந்துபோனான். கேப்டன் தொப்பியைக் கழற்றி, விதவைக்கு வருத்தம் தெரிவித்தார். “நான் விதவை இல்லன்னு சொல்லு,” என்றாள் அக்கா. துபாஷி அதை மொழிபெயர்க்கவில்லை.

எங்களில் புருஷனை இழந்தவள் வெகுநாள் தலை வாரமாட்டாள். எங்களை மேற்கே நடத்திக்கொண்டு போனபோது அக்கா சிக்குப் பிடித்த தலையோடே நடந்தாள்.

“ஏங்க்கா வாரிக்கல?” என்று கேட்டேன்.

“சீப்பு வீட்டுலயே தங்கிப்போச்சு.”

என் மடியில் ஒரு சீப்பு இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.